பக்கத்தில் இருந்தவர்

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் டிலானி கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள். இந்தச் சபைக்கு அவள் வந்தது இதுதான் முதல் தடவை. வந்தாறுமூலை பஸ் பிந்தியதால் ஜெபம் பாதி நடக்கும்போதுதான் வந்து கடைசியில் உட்கார்ந்திருந்தாள்.

“என்ன தங்கச்சி, தேத்தண்ணி குடிக்காமப் போறீங்க?” என்று புளோரன்ஸ் அக்கா வாசலில் மறித்தார்.

“நீங்க அழுதழுது ஜெபிச்சதக் கேட்டன் அக்கா. ‘எங்கட பாஸ்டர் காசுக்கும் பேருக்கும் மயங்கிடாம, உமக்கு உண்மையா இருக்கோணும் ஆண்டவரே’ எண்டு கேட்டீங்க. அப்ப இஞ்சயும் ஏதோ நடந்திருக்கு. பழைய சபைய நான் விட்டதே அங்கத்தப் பாஸ்டராலதான்.”

“ஐயோ, ஒண்டும் நடக்கல்ல புள்ள. அது என்ட விண்ணப்பமில்ல. இஞ்ச ஆரும் தன்ட விண்ணப்பத்தத் தானே ஜெபிக்கிறதில்ல. தொடங்க முதல் பக்கத்தில இருக்கிறவங்களிட்டச் சொல்லுவம். அவங்க நமக்காக ஜெபிப்பாங்க. நீங்க பிந்தி வந்ததால தெரியல்ல.”

“அப்ப உங்களிட்ட ஆர் சொன்ன? பாஸ்டர்ட மனிசியா?”

“இல்ல, அந்தா அவர்.”

மூலையில் ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“பாய் சுருட்டுற அண்ணனா? பாஸ்டர்ட விசயம் அவருக்கு எப்பிடித் தெரியும்?”

“அவருக்குத் தெரியாம வேற ஆருக்குத் தெரியும்? அவர்தானே பாஸ்டர்!”

டிலானி அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கைப்பையைக் கீழே வைத்தாள்.

“அக்கா, வாற வெள்ளி அவருக்குப் பக்கத்தில ஆர் இருக்கிற?”