யாருக்கும் அடியில்லை

கோதண்டம் கார் சாவியை உருவி லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டான்.

"இன்னா ஆனாலும் சரி, நீ இப்ப இங்கேர்ந்து போக முடியாது சார்."

சீனிவாசனுக்குப் பகீரென்றது. ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு நண்டு வாங்க மீஞ்சூரிலிருந்து கிளம்பி வந்தவர் அவர். பழவேற்காடு பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போகும் சாலையில் ஒரு மொபெட் குறுக்கே திரும்ப, ஸ்டியரிங்கை ஒடித்து மின்கம்பத்தில் மோதிவிட்டார்.

மொபெட்டில் வந்த செவ்வந்தி மணலில் சரிந்து, எழுந்து, புடவையை உதறிக்கொண்டு நின்றாள். அவள் புருஷன்தான் இந்தக் கோதண்டம். பக்கத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவன் ஓடி வந்துவிட்டான்.

பதறக்கூடாது என்று சீனிவாசன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆபீசில் ராகுலுக்கு நடந்ததை அவர் மறக்கவில்லை. ராகுலின் கார் உரசிய சைக்கிள்காரர் சிரித்துக்கொண்டே போனார். அப்புறம் காலில் மாவுக்கட்டோடு பொன்னேரி கோர்ட்டில் வந்து நின்றார். ராகுலின் கையில் ஒரு போட்டோகூட இல்லை.

அன்றைக்கே சீனிவாசன் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். யாருக்காவது அடியா என்று முதலில் பார்க்க வேண்டும். வண்டியை நகர்த்தக்கூடாது. என் மேல்தான் தப்பு என்று வாய்விடக்கூடாது. போட்டோ எடுத்து, சாட்சி பிடித்து, ஒர்க் ஷாப்புக்குப் போகும் முன்பே இன்ஷூரன்ஸுக்குச் சொல்லிவிட வேண்டும்.

"உனக்கு அடி எதுவும் படலையேம்மா?" என்று செவ்வந்தியிடம் கேட்டார்.

"இல்ல சார்." சொல்லிவிட்டு அவள் கோதண்டத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை சீனிவாசனுக்குப் பிடிக்கவில்லை.

நசுங்கிய பானெட், நம்பர் பிளேட், கம்பம், சாய்ந்து கிடந்த மொபெட் என்று வரிசையாகப் படம் பிடித்தார். ஓட்டுநர் பக்கத்து ஜன்னல் கண்ணாடி சிலந்தி வலை மாதிரி விரிசல் விட்டிருந்தது. முன்பக்கம் மோதிய வண்டிக்குப் பக்கத்துக் கண்ணாடி எப்படி உடையும்? எவனோ கல்லால் அடித்திருக்கிறான். அதையும் படம் பிடித்துக்கொண்டார்.

கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண்களும் வந்து கூடிவிட்டார்கள். ஒருத்தி சொம்பில் தண்ணீர் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"நெழல்ல உக்காரு சார்," என்று கோதண்டம் தோளைத் தொட்டான்.

"கையை எடுப்பா! சாவியக் குடு, வண்டியப் பூட்டணும்."

"நான் பூட்டிக்கறேன். நீ மொதல்ல உக்காரு."

உட்காரவைத்து மடக்கப் பார்க்கிறார்கள். சீனிவாசன் கூட்டத்தை விட்டு விலகி இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டார். காரின் நம்பரைச் சொன்னதும் அந்தப் பக்கம் இருந்த பெண் தயங்கினாள்.

"சார், இந்த வண்டிக்கு ஆக்சிடென்ட் தகவல் ஏற்கெனவே பதிவாயிருக்கே."

"ஏற்கெனவேயா? யார் பண்ணது?"

கடற்காற்றின் இரைச்சலில் அவள் சொன்னது காதில் விழவில்லை. சிக்னல் போய் லைன் அறுந்தது.

திரும்பிப் பார்த்தார். கோதண்டம் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தான். "ஆமாங்க, லைட்ஹவுஸ் ரோடுதான். கொஞ்சம் சீக்கிரமா வாங்க."

அப்படியென்றால் இவன் வேலைதான். நம்பரைப் பார்த்து, அவரை முந்திக்கொண்டு எங்கெங்கோ சொல்லிவிட்டான். சீனிவாசனுக்கு வயிற்றைப் புரட்டியது.

"யாருக்குப் போன் பண்றே?"

"ஆம்புலன்ஸுக்கு சார்."

"எதுக்கு ஆம்புலன்ஸ்? அடி படலன்னு அந்தம்மாவே சொல்லுது!"

"வரட்டும் சார். நீ டென்சன் ஆவாத."

கேஸ் ஜோடிக்கிறார்கள், சந்தேகமே இல்லை. ராகுலைப் போல ஏமாற அவர் தயாராக இல்லை. போனில் வீடியோவை ஓடவிட்டு நேராகச் செவ்வந்தியிடம் போனார்.

"உனக்கு அடி எதுவும் படலையேம்மா? கேமராவப் பாத்துச் சொல்லு."

அவள் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். "எனக்கு ஒண்ணும் இல்ல சார். நான் நல்லா கீறேன்."

சொன்னவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதோ, நடிப்பும் ஆரம்பமாகிவிட்டது என்று நினைத்தார் சீனிவாசன். வீடியோ பதிவானதா என்று பார்க்கப் போனார்; வெயிலில் எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது.

சைரன் ஒலியோடு ஆம்புலன்ஸ் வந்து நின்றது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். சீனிவாசன் பாய்ந்து போய்ச் செவ்வந்திக்கு முன்னால் கையை விரித்து மறித்தார்.

"இங்க யாருக்கும் அடியில்ல! இந்தம்மா சொன்னது வீடியோவில இருக்கு. பொய்க் கேஸ் போடறாங்க, நீங்களும் துணை போகாதீங்க!"

ஊழியர் அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "பேஷண்ட் யாரும்மா?"

செவ்வந்தி முன்னால் வந்து, விரித்திருந்த அவர் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினாள்.

"இவருதாங்க. தலைல அடிபட்டதுலேர்ந்து கேட்டதையே கேட்டுக்கினு, பண்ண போனையே திரும்பப் பண்ணிக்கினு கீறாரு."