கைதட்டலை நம்பாதவள்

"இன்னைக்கு மட்டும் கேக்காதே கண்ணு" என்று ஹெட்போனை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான் கணவன்.

பாடகி கையை நீட்டினாள். தொண்டையில் ஆபரேஷன் ஆனபிறகு அவள் ஏறிய முதல் மேடை இது. கடைசிப் பாட்டு முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. ஆனால் கைதட்டலை எல்லாம் நம்புகிற ஆளா அவள்?

"ஜனங்க பாவம் பார்த்துக்கூடத் தட்டுவாங்க. மைக் பொய் சொல்லாது" என்பாள். டிரம்ஸ் காதைப் பிளக்கிற மேடையில் பாடுகிறவளுக்கே தன் குரல் சரியாகக் கேட்காது. அதனால் எங்கே பாடினாலும் அன்றைய ரெக்கார்டிங்கைக் கேட்டுவிட்டுத்தான் மேக்கப்பையே கலைப்பாள்.

இன்றைக்கு என்னவோ, மேக்கப்பைக் கலைத்து, உடை மாற்றி, காபியும் குடித்து முடித்த பிறகுதான் லேப்டாப்போடு வந்தான் கொழுந்தன். சவுண்ட் வேலையும் ரெக்கார்டிங்கை ஆல்பமாகப் போடுவதும் அவனுடையது. அரங்கம் பிடிப்பதிலிருந்து வாத்தியக்காரர்களுக்கு வேன் அனுப்புவது வரை மற்றதெல்லாம் கணவன் பாடு. இந்த மூன்று பேரை விட்டால் அவர்களுடைய கச்சேரிக் கம்பெனியில் வேறு யாருமில்லை.

வெளியே வரவேற்பறையில் பெரிய கம்பெனி ஒன்றின் மேடம் காத்திருந்தாள். ஒரு வருஷத்துக்கு நாடு நாடாகக் கச்சேரி. பாடகி மட்டும் வந்தால் போதும், மற்றதை எல்லாம் அவர்கள் ஆட்களே பார்த்துக்கொள்வார்கள். வருகிறாளா இல்லையா என்று இன்றைக்கே சொல்லியாக வேண்டும்.

வேறொரு புருஷனாக இருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பான். இவன் தங்கமான மனுஷன். "ஜம்முனு போயிட்டு வா. நான் என்ன பச்சைக் குழந்தையா, நீ இல்லேன்னா அழறதுக்கு?" என்று காலையில்கூடச் சிரித்தான்.

"கொடுங்க இப்படி!" ஹெட்போனைப் பிடுங்கி மாட்டிக்கொண்டாள் பாடகி.

முதல் பாட்டிலேயே அவள் முகம் செத்துவிட்டது. கீபோர்டு ஒரு பக்கம் போக, குரல் சுருதிக்குக் கீழே தொங்கிக்கொண்டு பின்னாலேயே வந்தது. அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்ட பாட்டு, கேட்கச் சகிக்கவில்லை. ஐயோ, இதற்கா அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்!

"நிறுத்துப்பா" என்றாள். கொழுந்தன் நிறுத்தினான். அண்ணியின் முகத்தைப் பார்க்க முடியாமல் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டான்.

"நான் வரலைன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க."

"அவசரப்படாதே. நல்லா யோசிச்சுச் சொல்லு."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ஊர் ஊரா போய் அசிங்கப்படச் சொல்றீங்களா? நம்ம சின்ன மேடையே எனக்குப் போதும். ஏதாவது சொதப்பினாலும் நீங்க பார்த்துப்பீங்க." அடக்க முடியாமல் அவன் தோளில் சாய்ந்து தேம்பினாள். "எத்தனை வருஷ உழைப்பு, எல்லாம் போச்சே! நீங்க மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆவேன்?"

அவன் கர்ச்சீப்பை எடுத்து அவள் கண்ணைத் துடைத்துவிட்டான். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வரவேற்பறைக்குப் போனான்.

"அவளுக்கு இஷ்டமில்லை மேடம். எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன்."

மேடத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங்களைப் பார்த்தா வேலை வெட்டி இல்லாதவங்க மாதிரி தெரியுதா? இனிமே அவங்க பேரைக்கூட எங்க ஆபீஸ்ல எடுக்க மாட்டோம், சொல்லிடுங்க." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விடுவிடுவென்று படியிறங்கினாள். கார் கிளம்பிப் போகும்வரை அவன் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தூணுக்குப் பின்னாலிருந்து தம்பி எட்டிப் பார்த்தான். அக்கம்பக்கம் யாருமில்லை என்று தெரிந்ததும் லேப்டாப்போடு கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"அண்ணி குரலைப் பழையபடி சுருதியில ஏத்தி வச்சிடவாண்ணே, ஆல்பத்துக்கு வேணுமே?"