எட்டுக் கட்டம் ஓய்வு

மின்விசிறிகளை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இசைத்தாள்கள் பறக்கின்றனவாம்.

அப்படியும் ஒவ்வொரு ஸ்டாண்டிலும் துணி காயப்போடும் கிளிப் இரண்டு. பிரிஸ்கில்லாவின் ஸ்டாண்டில் இருப்பவை, இன்று காலை மாடிக் கொடியிலிருந்து அமலன் கழற்றிக் கொடுத்தவை.

செல்லோ என்னும் பெரிய வயலினை வாசிக்கிறவர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால், மரப்படிகளில் பாடகர் குழு. உச்சிப் படியில் கீழ்க்குரல் பாடும் நால்வர். அதில் இடது ஓரம் அமலன்.

அங்கிருந்து பார்த்தால் அவன் மனைவி பிரிஸ்கில்லாவின் பின்கழுத்தும், அதன்மேல் சரிந்து கிடக்கும் நிலக்கோட்டை மல்லிகையும் தெரியும்.

பதினாறு வருடத்துக்கு முன் அவளை முதன்முதலில் பார்த்ததும் இப்படித்தான். இதே பள்ளி மண்டபம், இதே பாட்டு. சம்பளத்துக்குப் பாடும் திண்டுக்கல் குழுவும் மதுரை வாத்தியக் குழுவும் சேர்ந்து ஒத்திகை பார்த்த முதல் நாள்.

பாட்டின் நடுவே எட்டுத் தாளக் கட்டத்துக்கு வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்துவிடும். கீழ்க்குரல்கள் மட்டும் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மூன்று பேர் நான்காம் கட்டம் முடிந்ததும் மூச்சு வாங்குவார்கள். சுரம் அறுந்துவிடாமல் இருக்க, அமலன் மட்டும் ஐந்தாம் கட்டத்தின் நடுவில் வாங்குவான்.

அன்றைக்கு அந்த ஓய்வில் ஒரு செல்லோக்காரப் பெண் வில்லை மடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள், இந்தக் குரல் யாருடையது என்று.

அடுத்த தை மாதம் கல்யாணம்.

அதற்குப் பிறகு எத்தனையோ மேடை. அந்த எட்டுக் கட்டத்தில் ஒருமுறையாவது அவள் திரும்பாமல் இருந்ததில்லை.

இன்று இரண்டு குழுவும் சேரும் ஒத்திகை. இன்றைக்கும் திரும்புவாள். அமலனுக்கு அதுதான் பயம்.

ஆறு மாதத்துக்கு முன் அவன் கழுத்தில் இருந்த கட்டியை எடுத்தார்கள். பேச்சு திரும்பி வந்தது. பாட்டு வரவில்லை. இனி வராது என்று டாக்டர் சொன்னபோது அவன் மட்டும்தான் உள்ளே இருந்தான். வெளியே பெஞ்சில் காத்திருந்தவளிடம், "ரெண்டு மாசத்துல சரியாப் போயிருமாம்" என்றான்.

இரண்டு மாதம் கழித்து, சரியாகிவிட்டது என்றான்.

வீட்டில் ஏன் பாடுவதில்லை என்று ஒரே ஒருநாள் கேட்டாள். தொண்டையை ஒத்திகைக்கு மிச்சம் பிடிக்கிறேன் என்றான். அவள் மறுபடி கேட்கவில்லை. சாயங்காலமானால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு செல்லோ வாசிப்பாள். ஒரே நீளச் சத்தம், இடையில் ஒரு துண்டிப்பு, மறுபடி அதே சத்தம். ஏதோ வில் பழக்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு அவன் வெஞ்சனத்துக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பான்.

குழுவை நடத்தும் பாண்டியராஜ் சாருக்கு விஷயம் தெரியும். இந்தக் கச்சேரி வரைக்கும் நில்லுங்கள், வாயை அசைத்தால் போதும், அப்புறம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். பக்கத்தில் நிற்கும் நியாஸுக்கும் தெரியும்.

"அண்ணே, ரொம்பத் தொறக்காதீங்க. ஈ போயிரும்" என்று கிசுகிசுத்தான் நியாஸ்.

அமலன் சிரித்தான்.

மூன்று பேர் பாடினாலும் சுரம் வரும். அதற்கு அடி இருக்காது. கச்சேரிக்கு வருகிறவர்களுக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரியும்.

வாத்தியங்கள் ஓய்ந்தன.

அமலன் வாயைத் திறந்தான். கண் அந்தப் பின்கழுத்தை விட்டு நகரவில்லை.

அவள் திரும்பவில்லை.

வில்லை மடியில் வைக்கவும் இல்லை. மூன்று குரல்களுக்கு அடியில், எங்கிருந்தோ ஊறி வருவதுபோல ஒரு கனத்த சத்தம் மெல்ல வந்து சேர்ந்தது.

பாண்டியராஜ் சார் கையைத் தட்டி நிறுத்தினார்.

"ஏம்மா பிரிஸ்கில்லா, அங்க உங்களுக்கு ஓய்வு போட்டிருக்குல்ல?"

"எண்ணிக்கை தப்பிருச்சு சார்."

பக்கத்து செல்லோக்காரர் சிரித்தார். பதினாறு வருடத்தில் அவளுக்கு எண்ணிக்கை தப்பி யாரும் பார்த்ததில்லை.

மறுபடி ஆரம்பித்தார்கள். வாத்தியங்கள் ஓய்ந்தன. மறுபடி அந்தச் சத்தம் வந்தது. நடுவில் இமைக்கிற நேரம் நின்று, தொடர்ந்தது.

இந்த முறை சார் நிறுத்தவில்லை. அவளைப் பார்த்தார். உச்சிப் படியைப் பார்த்தார். பாட்டு முடிந்ததும் பக்கத்தைப் புரட்டியபடி, "இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

இடைவேளை விட்டார்கள். எல்லோரும் டீக்குப் போனார்கள். அமலன் படியிறங்கி வருவதற்குள் பிரிஸ்கில்லா எழுந்துவிட்டாள். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"செத்த இருங்க, உங்களுக்கு வெந்நி வாங்கிட்டு வாரேன். நாளைக்குக் கச்சேரி, தொண்டையப் பாத்துக்கணும்ல."

போய்விட்டாள்.

அவளுடைய தாள் ஸ்டாண்டிலேயே இருந்தது. அச்சில் எட்டுக் கட்டத்திலும் ஓய்வுக் குறி. அவற்றுக்கு மேலே, பென்சிலில், அவனுடைய சுரம். எழுதி, அழித்து, மறுபடி எழுதி, மறுபடி அழித்து, அந்த இடத்தில் மட்டும் தாள் பஞ்சாகிக் கிடந்தது. பல நாள் வேலை.

ஐந்தாம் கட்டத்தின் நடுவில் காற்புள்ளி மாதிரி ஒரு சின்னக் குறி. பாடுகிறவர்கள் மூச்சு வாங்கும் இடத்தில் போட்டுக்கொள்வது.

அமலன் அதன்மேல் விரலை வைத்தான்.

செல்லோவுக்கு மூச்சு வாங்க வேண்டியதே இல்லை.