மீன் பயப்பிடுதாம்

பண்டத்தரிப்பில் சுண்ணாம்புக்கல் தோண்டிய கிடங்கு இப்போது குளம். கரைக்குப் புல் பதித்து, பொழுதுபோக்காகத் தூண்டில் போடும் இடமாக்கியிருக்கிறார்கள். வெயில் தண்ணீரில் தகரமாய்ப் பளபளக்கிறது. கரையில் உதயகலாவின் தண்ணீர் இறைக்கும் வாட்டர் பம் தடதடக்கிறது. பக்கத்திலுள்ள அவளுடைய வெங்காயத் தோட்டத்தில் பாதிதான் நனைந்திருக்கிறது. குளத்தைக் குத்தகைக்கு எடுத்த கோபிசங்கர் ஒரு மீனை இழுத்து, அதோடு செல்பி எடுத்து, பக்குவமாகத் திருப்பி விடுகிறான். "தின்னாத மீனை என்னத்துக்குத் தம்பி பிடிக்கிறியள்?" என்கிறாள் உதயகலா. "உது விளையாட்டு அக்கா. மெசினை நிப்பாட்டுங்கோ, சத்தத்துக்கு மீன் பயப்பிடுது." "வாயிலை கொழுவி இழுக்கேக்கை பயப்பிடேல்லையோ?" அவன் எழும்பி வந்து பம்மைத் தானே நிறுத்துகிறான். "குளம் இப்ப எங்கடை" என்றுவிட்டு, திரும்பிப் போய்க் கதிரையில் சாய்ந்து தூண்டிலை வீசுகிறான். வாய்க்காலில் வந்த தண்ணீர் நடுவழியில் மண்ணுக்குள் இறங்கிப்போகிறது. அங்காலே வெங்காயத் தாள்கள் துவண்டு கிடக்கின்றன.  உதயகலா சட்டையை முழங்காலுக்குமேல் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு வாளிகளோடு குளத்துக்குள் இறங்குகிறாள். அள்ளுவதற்குக் கரை முழுக்கத் தண்ணீர் இருக்கிறது. ஆனால் அவள் அவனுடைய தூண்டில் மிதவை ஆடுகிற இடத்துக்கே நடந்துபோய், முதல் வாளியைத் தொப்பென்று போடுகிறாள். "நீங்கள் விளையாடுங்கோ தம்பி," என்கிறாள். "எனக்கு இன்னும் அரைத்தோட்டம் கிடக்கு."