துறைமுகம் தெரியும் ஜன்னல்

சுல்மாவின் கை குலுக்கல் சீட்டுகள் போட்டிருந்த தலைக்கவசத்துக்குள் போய், மூன்றாம் மாடி மூலை வீட்டின் சீட்டோடு வெளியே வந்தது.

எல்லோரும் கை தட்டினார்கள். நெல்டாவும் தட்டினாள்.

மொன்டேவிடேயோவின் பழைய நகரத்தில், பாழடைந்து கிடந்த சரக்குக் கிடங்கைக் கூட்டுறவுக் குடும்பங்கள் தாங்களே கல் சுமந்து வீடுகளாக்கியிருந்தன. எந்த வீடு யாருக்கு என்று வேலை முடியும்வரை தெரியக்கூடாது. தெரிந்தால் அவரவர் வீட்டுக்கு மட்டும் பூச்சு வழவழவென்று வரும்.

தனக்கு மட்டும் தெரியும் என்று நெல்டா நினைத்திருந்தாள்.

மூலை வீட்டின் கிழக்குச் சுவரை அவள்தான் பூசினாள். மனசுக்குப் பிடிக்காமல் உரித்து, மறுபடி பூசினாள். துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரியும் ஜன்னலடியில் மேஜை எங்கே நிற்கும் என்று செங்கல் துண்டால் கோடுகூடப் போட்டுப் பார்த்தாள்.

அவளுக்கு விழுந்தது இரண்டாம் மாடிப் பின்பக்க வீடு. ஜன்னலைத் திறந்தால் வங்கிக் கட்டடத்தின் முதுகு.

"மூஞ்சிய இப்படி வெச்சிருந்தா தண்ணி ஊத்தாமலே கலவை இறுகிடும், நெல்டா," என்றார் மேஸ்திரி வாஷிங்டன். முற்றத்தில் கறி சுட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவள் மாடியேறித் தனக்கு விழுந்த வீட்டு வாசலில் நின்றாள். கக்கத்தில் வெந்நீர்க் குடுவையை இடுக்கிக்கொண்டு சுல்மாவும் பின்னாலேயே வந்தாள்.

பீற்றிக்கொள்ள வருகிறாள். இரவெல்லாம் ஆஸ்பத்திரி வேலை, பகலெல்லாம் தூக்கம். இவளுக்கு எதற்கு அந்த வெளிச்சம்?

"மாத்திக்கலாமாடி?" என்றாள் சுல்மா.

இருவரும் சம்மதித்தால் போதும், கூட்டுறவுச் சபை கை தூக்கிவிடும். சாயங்காலத்துக்குள் மூலை வீடு நெல்டாவுடையது.

"பின்பக்கம் பூச உன் முறை வந்தப்பல்லாம் என்னைத்தானே தள்ளிவிட்டே? என்ன அமைதிங்கறே! பூச்சுக் கரண்டியோட அப்படியே சாஞ்சு தூங்கிருக்கேன். முழுக்க நான் பூசின வீடு. இதுதான் வரணும்னு வேண்டிக்கிட்டுத்தான் உள்ளே கைய விட்டேன்," என்றாள் சுல்மா.

படிக்கட்டு வெளிச்சத்தில் நெல்டா அப்போதுதான் சுவரைப் பார்த்தாள். ஒரு மேடு பள்ளம் இல்லை. மூலைகள் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தன. தான் பூசிய கிழக்குச் சுவர்கூட இவ்வளவு நேர்த்தியாக வரவில்லை.

சுல்மா அந்தச் சுவரைப் புறங்கையால் தடவினாள், ஏற்கெனவே தன்னுடையதைத் தொடுவதுபோல.

நெல்டா 'சரி' என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்; வந்தது வேறு.

"வேணாம். எனக்கு இதான் பிடிச்சிருக்கு."

சுல்மா கையை எடுத்துக்கொண்டாள். படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் நெல்டா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

இன்னும் மின்சாரம் வந்திருக்கவில்லை; ஜன்னலும் சாத்தியிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைத் தேடினாள். அது எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த வீட்டுக்குள் அவள் அதுவரை காலே வைத்ததில்லை.