வாணலித் தீ: மூன்றாம் நாள் விசாரணை

வாணலியில் தீப்பிடித்தது பதினொன்று பத்துக்கு. அணைந்தது பதினொன்று பன்னிரண்டுக்கு. விசாரணை மட்டும் மூன்றாவது நாளாக நடந்துகொண்டிருந்தது.

விசாரணை அதிகாரி, அந்த வீட்டுக்காரர். பெயிண்ட் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சி, சம்பந்தப்பட்ட ஊழியர், தீயை அணைத்தவர் ஆகிய மூன்று பேரும் அவர் மனைவி.

அணைத்த விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அடுப்பைத் திருகி மூடியிருக்கிறாள். தண்ணீரைத் தொடவில்லை. வாணலியை நகர்த்தவில்லை. அகலமான தட்டு ஒன்றை ஓரத்திலிருந்து தள்ளி மூடிவிட்டு எட்ட நின்றிருக்கிறாள். முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்த அதிகாரி தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தபோது தட்டின் விளிம்பில் கொஞ்சம் புகைதான் மிச்சம். உள்ளே என்ன நிலவரம் என்று தட்டைத் தூக்கப்போனவரின் கையில் சுளீரென்று ஒரு அடி விழுந்தது.

"ஆறட்டும். இப்ப தொறந்தா மறுபடி பிடிச்சுக்கும். இதை நீங்கதான ஊரெல்லாம் போய்ச் சொல்லிட்டிருந்தீங்க?"

இந்த அடி அறிக்கையில் இடம்பெறவில்லை.

சிக்கல், அறிக்கையின் ஏழாவது கேள்வியில் இருந்தது. எரியும் அடுப்பை விட்டு ஊழியர் வெளியேறியது ஏன்?

எண்ணெய் காய்ந்து, புகைந்து, பற்றிக்கொள்கிறவரைக்கும் அவள் சமையலறையில் இல்லை. நறுக்கிய உருளைக்கிழங்கு தட்டில் அப்படியே இருந்தது.

"சும்மா போனேன்."

"சும்மான்னு எழுத முடியாதும்மா."

"அப்ப எழுதாதீங்க."

முப்பத்திரண்டு வருடத்தில் எந்தத் தீக்கும் ‘சும்மா’ காரணமாக இருந்ததில்லை. அவர் சமையலறைக் கதவில் ‘அடுப்பு எரியும்போது பணியிடத்தை விட்டு அகலக் கூடாது’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினார். அவள் அதன்மேல் ஈரத் துணியைக் காயப்போட்டாள்.

இவ்வளவு கெடுபிடிக்கும் அடியில் இருந்தது பயம். தீ விஷயத்தைக் கேட்ட மகள் போனில் சொல்லியிருந்தாள்: "அம்மாவுக்கு மறதி வர ஆரம்பிச்சிருக்கோ என்னவோப்பா. டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க."

அதிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போகிறபோக்கில் கேட்பதுபோல் கல்யாணத் தேதியைக் கேட்டுப் பார்த்தார். தேதியைச் சொன்னாள். கூடவே, அன்றைக்கு அவர் எத்தனை நிமிடம் தாமதமாக வந்தார் என்பதையும் சொன்னாள். ஆனால் பழசு மறக்காதாம், புதுசுதான் மறக்குமாம். அதையும் மகள்தான் சொன்னாள்.

ஆகவே இன்று நேரடிக் கண்காணிப்பு.

வழக்கம்போல் பத்தரை மணிக்கு முன்னறையில் சாய்வு நாற்காலியில் படுத்து, செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டார். நாட்டு நடப்பை அவர் ஆராய்வது இப்படித்தான். இன்று தாளின் கீழ்விளிம்பை இரண்டு விரல்கடை உயர்த்தி வைத்திருந்தார். சமையலறை வாசல்வரை தரை தெரிந்தது.

உள்ளே எண்ணெய் பொரிகிற சத்தம். பிறகு, டக். அடுப்பை அணைக்கிறாள்.

வாசலில் அவள் பாதங்கள் வந்து நின்றன. கையில் இருந்த ஜல்லிக்கரண்டியிலிருந்து எண்ணெய் தரையில் சொட்டியது. வழுக்கும் அபாயம் என்று அவர் மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

பாதங்கள் ஒன்றும் செய்யவில்லை. கொஞ்சம் நின்றன. திரும்பிப் போயின. லைட்டர் சத்தம். மறுபடியும் எண்ணெய்.

மூன்று நிமிடம் கழித்து மறுபடியும் டக். மறுபடியும் பாதங்கள்.

மறதிக்காரி ஒவ்வொரு தடவையும் இப்படி அடுப்பை அணைத்துவிட்டு வரமாட்டாள். அவருக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல் இருந்தது. ஆனால் எதைப் பார்க்க வருகிறாள்? அவள் ஏதாவது முணுமுணுக்கிறாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்தார்.

முகத்தின் மேலிருந்த தாள் அசைவது நின்றது.

பாதங்கள் ஓடிவந்தன. மூன்றே எட்டு. கரண்டி எங்கோ விழுந்து உருண்டது.

அவர் பதறி மூச்சை விட்டார். தாள் சலசலத்தது.

பாதங்கள் நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளி அப்படியே நின்றுவிட்டன. விரல்கள் தரையை இறுகப் பற்றியிருந்தன. வெகுநேரம் கழித்துத்தான் அவை தளர்ந்தன. பிறகு அவரை எழுப்பிவிடக் கூடாதே என்று ஓசைப்படாமல் திரும்பிப் போயின.

ஏழு வாரத்துக்கு முன்னால், இதே நாற்காலியில், தாளை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தவர் அவள் கூப்பிட்டதற்குப் பதில் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு, இதயத்தில் ஒரு சின்னக் குழாய். வீடு திரும்பியதும் அவர் அதைச் ‘சிறு சம்பவம்’ என்று வகைப்படுத்திக் கோப்பை மூடிவிட்டார்.

வீட்டில் இன்னொருவர் மூடவில்லை.

தீப்பிடித்த அன்று, அவர் எவ்வளவு நேரம் அசையாமல் தூங்கினாரோ. அவள் எவ்வளவு நேரம் இந்த இடத்தில் நின்றாளோ.

லைட்டர் சத்தம் கேட்டது. எண்ணெய் பொரியத் தொடங்கியது.

அதிகாரி தாளைச் சரியாக முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு, நன்றாக விழித்தபடி, குறட்டை விட ஆரம்பித்தார். சமையலறைவரை கேட்க வேண்டுமே என்று சற்று உரக்கவே.

ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. தொண்டை வறண்டது. கிழங்கு வெந்து முடிகிறவரை அவர் நிறுத்தவில்லை.