நம்பி ஏறலாம்

பதினைந்து வருடம் ஓடிய குட்டிக் காரை, சீறிப் பாயும் என்ற ஆசையில் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தார் ஜெயபாண்டி. இன்று சாத்தூர் ரோட்டு மைதானத்தில் அதற்கு எப்.சி. எனும் தகுதிச் சான்றுச் சோதனை.

பக்கத்து இருக்கையில் மனைவி கற்பகவல்லி. "இதை நம்பி எப்படிங்க ஏறுறது? பாதி வழியில விட்டுட்டா?"

"ஆபத்துல நம்மள விட்டுட்டுப் போற வண்டி இல்ல இது."

"ஆக்சிலேட்டரை மிதிங்க," என்றார் ஆய்வாளர்.

மிதித்தார். சைலன்சரிலிருந்து படாரென்று ஒரு வெடிச்சத்தம்.

பட்டாசுக் கம்பெனி ஃபோர்மேனாக, 'சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் ஓடுங்கள்' என்று இருபது வருடமாக ஜெயபாண்டி எடுத்த வகுப்பு வீண்போகவில்லை. மூச்சு வாங்க நின்றபோது, மைதானம் தாண்டிக் கருவேலங்காட்டுக்குள் இருந்தார்.

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார்.

"பிரேக், லைட்டு, புகை எல்லாம் சரி. வண்டி பாஸ்," என்றார் ஆய்வாளர்.

கற்பகவல்லி காருக்குள்ளேயேதான் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க சொன்னது நெசந்தான். வண்டி என்னைய விட்டுட்டு எங்கயும் போகல."